நூறு என்று எழுதினேன்

2017 ஆகஸ்ட் 21, திங்கள்

இந்தப் புத்தகத்தில் சொந்த விஷயம் எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இது அலுவலகச் சொத்து. மணிக்கு ஒரு தடவை மீட்டர் பார்த்து எழுதுகிற பதிவேடு. அச்சகத்தில் கோடுகள் கோணலாக விழுந்துவிட்டதால் ‘உபயோகமற்றது’ என்று முத்திரை குத்தி அலமாரியின் அடித்தட்டில் போட்டிருந்தார்கள். இருநூறு பக்கம், எல்லாவற்றுக்கும் எண் உண்டு. வாட்ச்மேன் தவசி அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். “எடுத்துக்கத்தா. கரையான் திங்கிறதுக்கு நீ எழுதுனாத்தான் என்ன” என்றார்.

பெரிய காரணம் ஒன்றுமில்லை. இங்கே பேச ஆள் குறைவு. எனக்குப் பேசவும் வராது.

என் பெயர் முத்தீஸ்வரி. எலெக்ட்ரானிக்ஸ் எஞ்சினியரிங் முடித்திருக்கிறேன். அப்பா வாழைக்காய் மண்டியில் தார் இறக்குகிறவர். கல்லூரியில் கட்டணச் சலுகைக்காகத் தாசில்தார் கொடுத்த ‘முதல் தலைமுறைப் பட்டதாரி’ சான்றிதழை அம்மா பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறாள், என் பட்டத்தைவிடப் பத்திரமாக.

இந்தக் கல்லுமேடு டி.வி. ஸ்டேஷனில் ஆகஸ்ட் 7 முதல் ஒப்பந்த வேலை, பதினோரு மாதம். ஸ்டேஷன் என்றால் கேமரா, நடிகர்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு அறை, ஒரு டிரான்ஸ்மிட்டர், வெளியே ஒரு டவர். சாட்டிலைட்டிலிருந்து டிஷ்ஷில் இறங்கும் நிகழ்ச்சியை வாங்கி நூறு வாட் சக்தியில் சுற்றுவட்டாரத்துக்கு அனுப்புகிறோம். கூரையில் ஆண்டெனா வைத்திருப்பவர்களுக்குப் படம் தெரியும். மாதக் காசு கிடையாது, செட்டாப் பெட்டி கிடையாது. ஊருக்குள் எல்லோரும் கேபிளுக்குப் போய்விட்டார்கள். மலையில்தான் இன்னும் ஆண்டெனா.

பொறுப்பு அதிகாரி கோமதிநாயகம் சார். திருநெல்வேலிக்காரர், நாற்பதுக்குள் இருக்கும். முதல் நாள் நான் கதவோரமாக நின்றேன். “உட்காரு பிள்ள” என்றார். பரவாயில்லை சார் என்றேன். நான் உட்காரும்வரை அவரும் உட்காராமல் நின்றார். அன்று வீட்டுக்குப் போய் இதை மட்டும்தான் அம்மாவிடம் சொன்னேன்.

முதல் வாரம் எனக்குக் கொடுத்த வேலை, மழையில் நனைந்து மை பரவிப்போன பழைய பதிவேட்டைப் புதிதாகப் பார்த்து எழுதுவது. ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 6 வரை. என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்று சார் சொன்னார்.

வெளியே போகும் சக்தியைக் காட்டும் மீட்டர் பழுது. ஊசி பத்திலேயே நிற்கிறது. “அது கெட்டுப்போச்சு. லெட்டர் போட்டிருக்கேன், ஆள் வருவான். நீ நூறுன்னே எழுதிக்கோ” என்றார்.

நூறு என்று எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 24, வியாழன்

தலைமையிலிருந்து உத்தரவு. ஆண்டெனா வைத்துப் படம் பார்க்கும் வீடுகளை எண்ணி அனுப்ப வேண்டும். ஐம்பது வீட்டுக்கு மேல் தேறினால் இந்த ஸ்டேஷன் டிஜிட்டலுக்கு மாறும். தேறாவிட்டால் மூடிவிடுவார்கள்.

“நீயே போய்ட்டு வா பிள்ள. பொம்பளப் பிள்ள போனா வீட்டுக்குள்ள விடுவாங்க. நான் போனா கரண்ட் பில்லுக்கு வந்திருக்கான்னு கதவச் சாத்திருவாங்க” என்று சிரித்தார். பிறகு, “அம்பது வந்துட்டா உனக்கும் இங்கேயே வேல நிலைச்சிரும்லா” என்றார்.

படிவத்தில் ஏழு கேள்விகள். ஐந்தாவது: ‘படம் தெளிவாகத் தெரிகிறதா?’ ஆம் என்றால் மட்டும்தான் கணக்கில் சேரும்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

ஏலத்தோட்டத்துக்குக் கூலியாள் ஏற்றும் ஜீப்பில் மேலூத்துக்குப் போனேன். பன்னிரண்டு கிலோமீட்டர். பதினாறு பேருக்கு நடுவில் என் படிவக் கட்டு கசங்கிவிட்டது. மேலூத்தில் செல்போன் சிக்னல் இல்லை. முப்பத்தொரு வீட்டில் டி.வி. இருக்கிறது, எல்லாம் முன்பு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தவை. எல்லாவற்றுக்கும் ஆண்டெனா இருக்கிறது.

எந்த வீட்டிலும் படம் இல்லை.

முதல் வீடு ஒச்சம்மாள் வீடு. ஐம்பது வயது இருக்கும், குரல் ஓடை தாண்டிக் கேட்கும். நான் வாசலில் நின்று எப்படி ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள், “யாருத்தா, ரேசன் கார்டா, ஓட்டா?” என்றார்.

“டி.வி. ஸ்டேஷன்லருந்து வர்றேங்கம்மா.”

“ஆத்தாடி, டிவி ஆபீசா! இங்க வாங்கடி எல்லாரும், டிவியில வர்ற பொண்ணு நேர்ல வந்துருக்கு!”

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஏழெட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். ஒச்சம்மாள் டி.வி.யைப் போட்டுக் காட்டினார். வெள்ளைப் புள்ளிகள் இரைந்தன. உள்ளே யாரோ செய்தி வாசிக்கிற சாயல்.

“பாரு, ஈசல் பறக்குது. ஆடி பொறந்ததுலருந்து இப்பிடித்தேன். மழ வருமா, புயல் வருமான்னு கேக்க ஒரு நாதி இல்ல. போன ஐப்பசியில பாதை சரியப்போகுதுன்னு செய்தியில பாத்துத்தேன் நாங்க கீழ எறங்குனம். இந்தத் தடவ என்னத்தப் பாத்து எறங்க, இந்த ஈசலையா?”

அவர் கணவர் மொக்கராசு, அமைதியானவர், மூலையில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். “கோளாறு எங்கிட்டும்மா? எங்ககிட்டயா, ஒங்ககிட்டயா?” என்று கேட்டார்.

எங்கள் பக்கம் நூறு வாட் போகிறது. நானே எழுதுகிறேன். ஆகவே, “ஆண்டெனாவுலதான் இருக்கும்யா” என்றேன்.

செப்டம்பர் 2, சனி

மறுபடி மேலூத்து. கருங்கல்பாறைக்கும் நடந்தே போனேன்.

கூரை கூரையாக ஆண்டெனா திருப்பினோம். ஒருவர் மேலே, நான் டி.வி. முன்னால், நடுவில் வாசலில் ஒரு பெண் சத்தத்தைக் கடத்துவதற்கு. “அங்கிட்டு! இன்னும் அங்கிட்டு! ஏய், போதும்டா, போச்சு! இங்கிட்டு!” கொஞ்சம் கூடுகிறது, குறைகிறது, தெளியவில்லை. வயர் இணைப்புகளைச் சுரண்டிக் கட்டச் சொன்னேன். துருப்பிடித்த கம்பிகளை மாற்றச் சொன்னேன். கல்லூரியில் படித்ததெல்லாம் ஞாபகம் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சொல்வதை இருபது பேர் நின்று கேட்டார்கள். அது நன்றாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

மொக்கராசு மட்டும், “ஒசரம் பத்தலையோ?” என்றார்.

“ஆமாய்யா. உயரம் கூட்டினா கண்டிப்பா வரும்” என்றேன்.

வீட்டுக்குப் பின்னால் நிற்கும் சவுக்கு மரத்தை அவர் அண்ணாந்து பார்த்தார்.

டிஜிட்டல் வந்தால் ஈசலே இருக்காது என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 6, புதன்

மழை. ஜீப் இல்லை. நூறு, நூறு, நூறு.

செப்டம்பர் 11, திங்கள்

சார் ஊரிலிருந்து வந்தார். எனக்கும் தவசி அண்ணனுக்கும் தனித்தனியாக அல்வா. மதியம் மகளோடு போனில் பேசினார். ஒன்றாம் வகுப்பு. “தீபாவளி முடியட்டும், அப்பா அங்கேயேதான் இருப்பேன். டெய்லி நான்தான் ஸ்கூலுக்குக் கொண்டு விடுவேன், சரியா?” என்றார். வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

நீண்ட விடுப்பு எடுக்கப்போகிறார் போல.

செப்டம்பர் 12, செவ்வாய்

காலையில் மின்சாரம் போய் வந்தது. சார் டீக்கடையில் இருந்தார், டிரான்ஸ்மிட்டரை நானே மறுபடி போட்டேன். மின்சாரம் போனபோது ஊசி பூஜ்யத்துக்கு இறங்கியது. போட்டதும் மெல்ல ஏறிப் பத்தில் நின்றது. பழுதான மீட்டர் இப்படி இறங்கி ஏறுமா?

தெரியவில்லை. நூறு என்று எழுதினேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

எண்ணிக்கை முடிந்தது. மேலூத்து முப்பத்தொன்று, கருங்கல்பாறை இருபத்திரண்டு, அடிவாரத் தோட்ட லைன் வீடுகள் பதினொன்று. ஆண்டெனா உள்ள வீடுகள் அறுபத்து நான்கு. படம் தெளிவாகத் தெரியும் வீடுகள் ஒன்பது. ஒன்பதும் அடிவாரத்தில்.

சார் தாளை வெகுநேரம் பார்த்தார். “ஒம்போதுதானா?” என்றார். வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன்.

“ஆண்டெனாவ சரி பண்ணச் சொல்லியிருக்கேன் சார். ஒரு மாசம் கழிச்சு எண்ணினா ஐம்பது தாண்டிடும்.”

“தேதி இன்னைக்கோட முடியுது பிள்ள. இருக்கறத அனுப்புவோம்.” பேனாவை என் பக்கம் தள்ளினார். ‘கணக்கெடுத்தவர்’ என்ற இடத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேருந்தில் திரும்பும்போது அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செப்டம்பர் 19, செவ்வாய்

மொக்கராசு விழுந்துவிட்டார்.

ஜீப் ஓட்டுநர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சவுக்கு மரத்தில் ஏறி, உச்சியில் ஆண்டெனாவைக் கட்டி முடித்துவிட்டு இறங்கும்போது கிளை முறிந்திருக்கிறது. தொட்டில் கட்டித் தூக்கி வந்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 20, புதன்

அரசு மருத்துவமனைக்குப் போனேன். தொடை எலும்பு. பிளேட் வைத்திருக்கிறார்கள். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

ஒச்சம்மாள் திட்டுவார் என்றுதான் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் பக்கத்துக் கட்டில்காரியிடம், “இந்தப் பொண்ணுதேன் நான் சொன்ன டிவி ஆபீசுப் பொண்ணு. எவ்வளவு படிச்சிருக்கு தெரியுமா, நம்ம வீட்டுக்கு வந்து வயரு சொரண்டுச்சு” என்றார்.

மொக்கராசு, “கட்டிட்டுத்தேன் விழுந்தேன் தாயி. கம்பி நிக்கிது” என்றார். “இவ போட்டுப் பாக்கவே இல்ல. என்னத் தூக்கிட்டு ஓடியாந்துட்டா.”

“ஆமா, புருசன் கீழ கெடக்கயில நான் போயி பாட்டுப் பாக்குறேன்” என்றார் ஒச்சம்மாள்.

இந்த வருஷம் அவரால் ஏலக்காய் பறிக்கப் போக முடியாது.

செப்டம்பர் 29, வெள்ளி. ஆயுத பூஜை

இதை நிதானமாக எழுத வேண்டும்.

சார் நேற்றே ஊருக்குப் போய்விட்டார், திங்கட்கிழமை கழித்துத்தான் வருவார். பூஜை செய்வது நானும் தவசி அண்ணனும். காலையிலிருந்து தூசி தட்டினோம். டிரான்ஸ்மிட்டர் பீரோ மாதிரி உயரமானது, டிராயர் டிராயராக ஐந்து பெட்டிகள் செருகியிருக்கும். நான் ஈரத்துணியால் ஒவ்வொன்றின் முகப்பையும் துடைத்தேன். ஒவ்வொன்றிலும் போன வருஷத்துச் சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. மேலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் இல்லை. வெறும் தகடு, புதுத் திருகாணிகள். ஐந்தாவதில் இருந்தது.

“அண்ணே, போன வருசம் இதுக்கு மட்டும் வைக்க மறந்துட்டீங்களா?”

“நானா? நல்லாக் கேட்ட போ. எல்லாத்துலயும் அதுதானத்தா பெரிய பெட்டி. ரெண்டு கைப்பிடி வச்சு, கனமா. அதுக்குத்தேன் பெரிய பொட்டே. ஒத்த ரூவா அகலம்.”

தகட்டுக்கு ஏது கைப்பிடி?

பொருள் அறையிலும் பொட்டு வைக்கச் சாவி வாங்கினேன். பழைய மின்விசிறிகளுக்குப் பின்னால், சாக்குக்கு அடியில், செய்தித்தாள் சுற்றிய ஒரு பெட்டி. பிரித்தேன். இரண்டு கைப்பிடி. நடுவில் ஒற்றை ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

பவர் ஆம்ப்ளிஃபையர். பத்து வாட்டை நூறு வாட்டாக்கும் பெட்டி அதுதான். செய்தித்தாளின் தேதி ஜூலை 19.

தவசி அண்ணன் என்னைப் பார்த்தார். “ரிப்பேரா இருக்கும்த்தா” என்றார். அவர் குரலிலும் நம்பிக்கை இல்லை.

கொண்டைக்கடலை ஆறிப்போய்விட்டது. இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 30, சனி

காலை பதினொன்றே காலுக்கு டிரான்ஸ்மிட்டரை நிறுத்தினேன். தகட்டைக் கழற்றினேன். பின்னால் ஒரு சின்ன வயர், பத்து வாட்டை நேராக டவருக்குக் கொடுக்கிற மாதிரி போட்டிருந்தது. ஒழுங்கான, நிதானமான வேலை. அதை எடுத்துவிட்டு ஆம்ப்ளிஃபையரைத் தள்ளினேன். கனமாக இருந்ததால் ஒரு கைப்பிடியைத் தவசி அண்ணன் தாங்கிக்கொண்டார்.

போட்டேன். ஊசி பத்தைத் தாண்டியது. நாற்பது, எழுபது. நூறில் போய் நின்றது.

பன்னிரண்டு மணிக்கு நூறு என்று எழுதினேன். ஏழு வாரத்தில் நான் எழுதிய முதல் உண்மையான நூறு.

அக்டோபர் 2, திங்கள்

ஜீப் நிற்கும் முக்குக் கடையிலிருந்து ஒச்சம்மாள் போன் செய்தார். தள்ளி வைத்துக் கேட்டாலும் கேட்கும் குரல்.

“ஏத்தா டிவி ஆபீசு! படம் தெரியுதுடி! கண்ணாடி கணக்கா! முந்தாநேத்து ஆஸ்பத்திரியிலருந்து ஆளக் கொண்டாந்து கட்டில்ல போட்டுட்டு, போட்டுப் பாப்பமேன்னு போட்டேன். நீ சொன்னது சரிதேன். ஒசரந்தேன் கோளாறு. காலு போனாலும் கம்பி நிக்கிதுன்னு மனுசனுக்கு அம்புட்டுப் பெருமை. படுத்துக்கிட்டே ஊருக்கெல்லாம் யோசனை சொல்றாரு.”

“மத்த வீட்டுலயும் தெரியுதாம்மா?” என்று கேட்டேன்.

“தெரியும், தெரியும். நீ திருப்பிவிட்டதுல்ல?”

அப்படி இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பின்னால் ஜீப் ஹாரன் அடித்தது. வைத்துவிட்டார்.

அக்டோபர் 3, செவ்வாய்

சார் பத்து மணிக்கு வந்தார். செருப்பைக் கழற்றியவர் மீட்டரைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

“யாரு மாத்துனது?”

“நான்தான் சார்.”

“உனக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல சார். பொட்டு...”

“என்ன பொட்டு?”

நான்காவது டிராயரைக் காட்டினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

“ஆறு வருசம் பிள்ள. மாறுதல் கேட்டுப் பதினோரு மனு போட்டிருக்கேன். என் மகளுக்கு நான் போன்ல வார ஆளு. நேர்ல போனா அம்மாவுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிடுது. ஸ்டேஷன மூடினாத்தான் என்னைய ஊருக்கு அனுப்புவாங்க. எப்படியும் மூடத்தான் போறாங்க, இன்னைக்கு இல்லன்னா ரெண்டு வருசம் கழிச்சு. வீடு எண்ணப்போறாங்கன்னு ஜூலையிலயே தெரிஞ்சுச்சு, நான் கொஞ்சம் வெரசலா ஆக்கிக்கிட்டேன். அவ்வளவுதான்.”

“மேலூத்துல ஒருத்தர் விழுந்துட்டார் சார்.”

“கேள்விப்பட்டேன். மரத்துல ஏறச் சொன்னது நானா?”

கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் கேட்டார்.

“எண்ணிக்கை தப்பு சார். பத்து வாட்ல எண்ணினது. எழுதி அனுப்பினா மறுபடி...”

“எழுது. என்னன்னு எழுதுவ?” எழுந்துபோய்ப் பதிவேட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். “நூறு, நூறு, நூறு. யாரு கை இது? என் எழுத்து ஒண்ணு காட்டு பாப்போம். கணக்கெடுத்தவர்னு கீழ யாரு பேரு? நல்லா யோசி பிள்ள. அப்புறம் எந்த ஆபீஸ்லயும் உனக்கு வேல கிடைக்காது.”

பக்கங்களைப் புரட்டினேன். உண்மைதான். ஆகஸ்ட், செப்டம்பர், எல்லாம் என் எழுத்து. என் எழுத்து அச்சு மாதிரி இருக்கிறது.

அவரே ஆம்ப்ளிஃபையரை உருவினார். பன்னிரண்டு மணிக்கு ஊசி பத்தில் நின்றது. பேனாவை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

நான் பத்து என்று எழுதினேன்.

அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியே போனார். மதியத்துக்குப் பிறகு அவரே எழுத ஆரம்பித்தார். அவர் எழுத்தை நான் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். சிறியது, இடப்பக்கம் சாய்ந்தது.

அக்டோபர் 4, புதன்

அம்மா, சார் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நல்லா இருக்கார் என்றேன்.

அக்டோபர் 12, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. ‘நேயர்கள் போதிய அளவில் இல்லாமையால்’ அக்டோபர் 31 மாலையோடு ஒளிபரப்பு நிறுத்தம். கோமதிநாயகம் சாருக்குத் திருநெல்வேலி. என் ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது. தவசி அண்ணன் இடத்தைக் காக்க இருப்பார்.

“டவர் இருக்கும், சத்தம் இருக்காது” என்றார் தவசி அண்ணன். “குரங்கு ஏறுனாத்தேன் இனி ஏதாச்சும் தெரியும்.”

அக்டோபர் 22, ஞாயிறு

தீபாவளி முடிந்து மேலூத்துக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். ஜீப்பில் வாக்கியங்களைக்கூட வரிசைப்படுத்திக்கொண்டேன்.

மொக்கராசு கட்டிலில் இருந்தார். டி.வி.யில் ஈசல்.

“நாலு நாளு தெரிஞ்சுச்சு தாயி, மறுபடி போச்சு. காத்துல கம்பி திரும்பியிருக்கு. இன்னும் ரெண்டடி ஏத்திக் கட்டுனா அசையாது. டாக்டரு தையில கம்ப விட்டுட்டு நடக்கலாம்னுருக்காரு. நானே ஏறிருவேன்.”

“ஐயா, ஏற வேண்டாம். ஆண்டெனாவுல குறையே இல்ல. எங்க பக்கம்தான் குறை. பத்து வாட்தான் வந்துச்சு. நான் தெரியாம உங்க மேல சொல்லிட்டேன்.”

அவர் சிரித்தார். “எம் மனசு நோகக்கூடாதுன்னு சொல்ற. ஒசரத்துல கட்டுனதும் தெரிஞ்சுச்சா இல்லையா? நாலு நாளு கண்ணால பாத்தனே.”

“அது நான் பெட்டிய மாத்தினதால...”

“நீ பச்சப்புள்ள. ஆபீசுல பெரிய பெரிய ஆளுக இருக்கயில, நீயா மாத்துவ?”

ஒச்சம்மாளிடம் திரும்பினேன். ஸ்டேஷனையே மூடப்போகிறார்கள் என்றேன். “மூடிட்டு டிஜிட்டலு வருதுல்ல? நீதானடி சொன்ன, ஈசலே இருக்காதுன்னு” என்றார். “அது வரையில கம்பி ஒசரத்துல நிக்கணும்ல?”

நான் தெரியாமல் சொன்னதையெல்லாம் நம்பினார்கள். தெரிந்து சொன்னதை நம்பவில்லை. ஆம்ப்ளிஃபையரை மாட்டிய அந்த நாலு நாள் இல்லாதிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார்கள்.

கிளம்பும்போது ஒரு பையில் ஏலக்காய் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வரவில்லை.

அக்டோபர் 27, வெள்ளி

சாருக்குச் சாமான் கட்ட உதவினேன். “என் மேல கோவமா பிள்ள?” என்று கேட்டார். இல்லை சார் என்றேன். அது பொய். அவரிடம் நான் சொன்ன ஒரே பொய்.

அக்டோபர் 31, செவ்வாய்

மாலை ஐந்தரை. நிறுத்தியாகிவிட்டது. சார் சுவிட்சை அணைத்தார். ஊசி பத்திலிருந்து இறங்கியது. விசிறிச் சத்தமும் நின்றதும் அறை பெரிதானது போல இருந்தது. மலையில் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. ஈசல் ஈசலாகவே இருந்திருக்கும்.

ஆறு மணி பஸ்ஸுக்குச் சார் போய்விட்டார். பதிவேடுகளைக் கட்டித் தலைமைக்கு அனுப்புவது என் கடைசி வேலை. இதையும் அந்தக் கட்டுக்குள் வைக்கிறேன். செப்டம்பர் 12 அன்று எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று நேற்று யோசித்தேன். அன்றே எனக்குச் சந்தேகம் வந்தது. வந்தும் நூறு என்று எழுதினேன், ஏனென்றால் என்னை உட்காரச் சொன்னவர் அவர். பக்கத்துக்கு எண் இருக்கிறது. கிழிக்கவில்லை.

இந்தக் கட்டைப் பிரிக்கிற அதிகாரிக்கு வணக்கம். நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. இவ்வளவு நேரம் படித்திருந்தால் நன்றி.

ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 6 வரையுள்ள பக்கங்களைப் பாருங்கள். என் எழுத்துதான். நான் வேலைக்குச் சேர்ந்ததே ஆகஸ்ட் 7. அக்டோபர் 3 பன்னிரண்டு மணிக்கு ஒரே ஒரு ‘10’ இருக்கும், அதையும் பாருங்கள். நான்காவது டிராயரின் ஆம்ப்ளிஃபையர் பொருள் அறையில், சாக்குக்கு அடியில் இருக்கிறது. இந்த வருஷத்துப் பொட்டும் அதில் உண்டு.

யார் மேலும் நடவடிக்கை கேட்கவில்லை. எடுப்பதும் விடுவதும் உங்கள் பொறுப்பு, என் மேல் எடுத்தாலும் சரி. வேலை கேட்கவில்லை. ஸ்டேஷனைத் திறக்கச் சொல்லவும் இல்லை, அது என் சொல்லுக்கு நடக்காது.

கேட்பது ஒரு கடிதம். அலுவலகத் தாளில், முத்திரையோடு இருக்க வேண்டும், அப்போதுதான் நம்புவார்கள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள், ஆகையால் பெரிய எழுத்தில், தமிழில். முகவரி: திரு. மொக்கராசு, மேலூத்து, கல்லுமேடு வழி. ஜீப் ஓட்டுநரிடம் கொடுத்தால் போய்ச் சேர்ந்துவிடும். அவர் தையில் மறுபடி நடப்பார். அதற்கு முன்னால் கிடைக்க வேண்டும்.

இவ்வளவு எழுதினால் போதும்: உங்கள் ஆண்டெனாவில் எந்தக் குறையும் இருந்ததில்லை. தயவுசெய்து மரத்தில் ஏறாதீர்கள்.